சேலத்து மழைநீர் சேரும் கடல்: கரையோர உயிர்ச்சூழல் மீதான மனித அழுத்தத்தை வரைபடமாக்கும் முழுமையான வழிகாட்டி

சேலம் மாவட்டத்தில் பெய்யும் மழை இரண்டு இடங்களில் கடலைத் தொடுகிறது. சேர்வராயன் மலையின் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர் அருகே காவிரியில் கலக்கிறது. அதே மலையில் பிறக்கும் சரபங்கா, ஓமலூர், எடப்பாடி வழியே காவிரிக்குப் போகிறது. காவிரியில் வெள்ளம் வந்தால் அது முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து பழையாறு அருகே வங்கக் கடலில் விழும். மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு வழி வேறு. ஆத்தூரைத் தொட்டு ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு.

கரையோரக் கடல்மீது மனிதர்கள் ஏற்றும் சுமையை வரைபடமாக்குபவர்கள் பெரும்பாலும் கரைக்கோட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். துறைமுகம், மீன்பிடிப்பு, இறால் பண்ணை எல்லாம் நுணுக்கமாக வரும். ஆறு கொண்டுவருவது மட்டும் முகத்துவாரத்தில் ஒரு புள்ளியாக, ஆண்டுக்கு ஓர் எண்ணாக நின்றுவிடும். வரைபடம் பொய்த்துப்போவது பெரும்பாலும் அந்தப் புள்ளியில்தான். அதனால் இந்த வழிகாட்டி மலையில் தொடங்கிக் கடலில் முடிகிறது. சேலத்தில் உட்கார்ந்து, இலவச மென்பொருளும் இலவசத் தரவும் கொண்டு, கல்லூரி மாணவர் குழு ஒன்று ஒரு பருவத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது.

அடிப்படைக் கணக்கு

2008இல் பென் ஹால்பெர்னும் அவருடைய குழுவினரும் சயின்ஸ் இதழில் வெளியிட்ட உலக வரைபடம்தான் இந்த முறைக்கு வழி திறந்தது. 17 வகை அழுத்தங்கள், 20 வகைக் கடல் சூழல்கள், ஒரு சதுர கிலோமீட்டர் கட்டம். கணக்கு எளியது. ஒரு கட்டத்தில் உள்ள ஒவ்வோர் அழுத்தத்தின் அளவையும், அங்குள்ள சூழல் வகையின் இருப்பையும், அந்தச் சூழல் அந்த அழுத்தத்துக்கு எவ்வளவு நொறுங்கும் என்ற எடையையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் அந்தக் கட்டத்தின் மதிப்பு கிடைக்கும்.

இதில் மூன்று அடுக்குகள் உள்ளன: சூழல் எங்கே, அழுத்தம் எவ்வளவு, எடை என்ன. கீழே வரும் படிகள் இந்த மூன்றையும் தயாரிப்பதற்கானவை.

படி 1: கேள்வியும் எல்லையும்

"எல்லா அழுத்தமும்" என்று தொடங்கினால் வேலை முடியாது. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். எடுத்துக்காட்டாக: வெள்ளாறு முதல் பூம்புகார் வரையுள்ள கரையில், எந்தச் சூழல் எந்த அழுத்தத்தால் அதிகம் பாதிக்கப்படுகிறது, அதில் நிலத்திலிருந்து வரும் பங்கு எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு இரண்டு எல்லைகள் வேண்டும். கடல் எல்லை: வட அட்சம் 11.10 முதல் 11.60 வரை, கிழக்குத் தீர்க்கம் 79.70 முதல் 80.10 வரை. நில எல்லை: அந்த முகத்துவாரங்களுக்கு நீர் தரும் படுகை. காவிரிப் படுகை முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணைக்கு மேலே உள்ளதை "அணையிலிருந்து வெளியேறுவது" என்று ஒரே உள்ளீடாக வைத்துக்கொண்டு, அணைக்குக் கீழே உள்ள கிளைப் படுகைகளை மட்டும் விரிவாகச் செய்யுங்கள். வெள்ளாற்றுப் படுகையை முழுவதுமாக எடுங்கள்.

கட்டத்தின் பக்கம் 100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் கட்டம் உலகத்துக்குப் போதும். பிச்சாவரத்தின் கால்வாய்கள் அதில் காணாமல் போய்விடும். மேலே சொன்ன கடல் எல்லைக்கு 100 மீட்டரில் ஏறத்தாழ 550 வரிசை, 440 நிரல், அதாவது சுமார் 2.4 லட்சம் கட்டங்கள். சாதாரண மடிக்கணினி இதைத் தாங்கும்.

ஆய அமைப்பாக (இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை) யூடிஎம் 44 வடக்கு மண்டலத்தை, மென்பொருளில் இபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணில் உள்ளதை, வைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்டலம் கிழக்கு 78 பாகையில் தொடங்குகிறது. சேலம் நகரம் அதற்குள் வந்துவிடும், மேட்டூர் சற்று மேற்கே வெளியே நிற்கும். அதற்காக 43க்கு மாற வேண்டாம். விளிம்பைக் கொஞ்சம் தாண்டுவதால் வரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இரண்டு மண்டலங்களைக் கலப்பதால் வரும் தொல்லை அதைவிடப் பன்மடங்கு.

படி 2: கருவிகள், தரவு

வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் மென்பொருள், அதனுடன் வரும் கிராஸ் கருவிகள், நிலத்திலிருந்து வரும் சுமைக்கு இன்வெஸ்ட் மென்பொருள். மூன்றும் இலவசம். நில உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் 30 மீட்டர், ஆற்று வலைக்கு ஹைட்ரோஷெட்ஸ், நிலப் பயன்பாட்டுக்கு ஈசா வேர்ல்ட்கவர் 10 மீட்டர், மக்கள்தொகைக்கு வேர்ல்ட்பாப் 100 மீட்டர், கடல் ஆழத்துக்கு கெப்கோ, செயற்கைக்கோள் படங்களுக்கு சென்டினல்-2, பழைய படங்களுக்கு லேண்ட்சாட். இந்தியத் தரவுக்கு இஸ்ரோவின் புவன் தளத்தையும், கடல்நீர்த் தகவலுக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் தளத்தையும் பாருங்கள்.

எந்தத் தரவும் இறங்கியவுடன் அதன் பெயரோடு ஆண்டு, மூலம், அசல் கட்ட அளவு மூன்றையும் ஓர் அட்டவணையில் எழுதிவிடுங்கள். 2021ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டையும் 2011 மக்கள்தொகையையும் ஒன்றாகப் பெருக்குவது தவறில்லை. பெருக்கியதை எழுதிவைக்காமல் விடுவதுதான் தவறு.

முதலில் ஒரு வெற்றுக் கட்டத்தை, எல்லையும் 100 மீட்டரும் சரியாகப் பொருந்தும்படி, உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு வரும் ஒவ்வோர் அடுக்கையும் அதன்மீது படியவையுங்கள். ஓர் அடுக்கு அரைக் கட்டம் நகர்ந்திருந்தாலும் கரையோரம் முழுக்க, கடல் இருக்க வேண்டிய இடத்தில் நிலமும் நிலத்தில் கடலுமாக ஒரு வரிசை பிழை வரும். கண்ணால் பார்த்தால் தெரியாது.

படி 3: சூழல் அடுக்குகள்

இந்தக் கரைக்கு ஆறு வகை போதும்: அலையாத்திக் காடு, சேற்றுத்திட்டு, கழிமுக நீர், மணற்கரை, 10 மீட்டர் ஆழம் வரையிலான மென்தரை (மணலும் சேறும் படிந்த கடலடி), அதற்கு மேற்பட்ட ஆழத்து மென்தரை. தெற்கே பாக் நீரிணைக்கு வேலையை நீட்டினால் கடற்புல் தரையைச் சேர்க்க வேண்டும். கலங்கிய நீரில் செயற்கைக்கோள் அதைக் காட்டாது. முங்கிப் பார்த்தவர்களின் பதிவுதான் வழி.

அலையாத்திக் காட்டுக்கு வேர்ல்ட்கவரில் 95 என்ற வகை எண் உண்டு. 10 மீட்டர் புள்ளிகளை 100 மீட்டர் கட்டத்துக்குள் எண்ணுங்கள். நூறில் 60 புள்ளி காடு என்றால் இருப்பு 0.6. "இருக்கிறது, இல்லை" என்று 1, 0 போடாதீர்கள். பிச்சாவரம் போன்ற, நீரும் காடும் பின்னிக் கிடக்கும் இடத்தில் அது பாதி உண்மையை அழித்துவிடும்.

சேற்றுத்திட்டுதான் சிரமம். இந்தக் கரையில் ஓத வீச்சு (கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள உயர வேறுபாடு) சுமார் ஒரு மீட்டருக்குள் இருப்பதால், திட்டு வெளியே தெரியும் நேரம் குறைவு. ஓர் ஆண்டின் மேகமில்லாத சென்டினல்-2 படங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீர்க் குறியீடு (நீரையும் நிலத்தையும் பிரித்துக் காட்டும் எண்) கணக்கிட்டு, சில படங்களில் நீராகவும் சிலவற்றில் நிலமாகவும் வரும் புள்ளிகளைத் தனியே எடுங்கள். அவற்றில் இறால் குளங்களும் கலந்து வரும், ஏனென்றால் அவற்றையும் நிரப்புகிறார்கள், வடிக்கிறார்கள். நேர்க்கோட்டு வரப்பும் சதுர வடிவமும் கொண்டவற்றைக் கையால் நீக்குங்கள். நீக்கியவற்றை எறிந்துவிட வேண்டாம், அழுத்த அடுக்குக்கு அவைதான் தேவை.

படி 4: நிலத்திலிருந்து வரும் சுமை

அதிக நேரத்தை இந்தப் படிக்குக் கொடுங்கள்.

முதலில் நிலப் பயன்பாட்டைத் திருத்த வேண்டும். உலகத் தரவு சேலத்தை மூன்று இடங்களில் தவறாகப் படிக்கிறது. ஒன்று, ஏற்காட்டின் காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் நிழலில் காப்பி, அதன்மேல் ஏறிய மிளகு. மேலிருந்து பார்த்தால் வெறும் மரக்கவிகை, அதனால் "காடு" என்று பதிவாகும். காட்டுக்கு உரச் சுமை பூஜ்யம் என்று அட்டவணையில் இருப்பதால், உரமிடும் தோட்டம் முழுக்கச் சுமையற்ற நிலமாகிவிடும். நிறத்தை வைத்து இதைப் பிரிப்பது கடினம். தோட்டச் சாலைகளின் வளைவுகள், உலர்களங்கள், குடியிருப்பு வரிசைகள் ஆகியவற்றை உயர்தெளிவுப் படத்தில் பார்த்துக் கையால் எல்லை வரையுங்கள். பிறகு மலைக்குப் போய்ச் சில இடங்களையாவது சரிபாருங்கள்.

இரண்டு, நகரத்துக்கு வடமேற்கே உள்ள வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதி. திறந்த வெள்ளை நிலமும் காய்ந்த மானாவாரி வயலும் ஒரே வகையில் விழும். மூன்று, ஏரிகள். மூக்கனேரி போன்றவை நீராக வரும், சரிதான். ஆனால் அவை வண்டலையும் நைட்ரஜன் போன்ற சத்துகளையும் பிடித்துவைக்கும் இடங்கள் என்பது கணினி மாதிரிக்குத் தானாகத் தெரியாது. ஏரிக்கு மேலே உள்ள பரப்பின் சுமையில் ஒரு பங்கைக் கழிக்கும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது புள்ளி மூலங்கள், அதாவது குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து கழிவை விடுபவை. சாயப்பட்டறை, வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் முலாம் பூச்சு, ஜவ்வரிசி ஆலை, நகரக் கழிவுநீர் ஆகியவற்றை ஒரே "தொழிற்சாலை" அடுக்கில் போடாதீர்கள். ஜவ்வரிசிக் கழிவில் மாவுச்சத்து. அதைச் சிதைக்கத் தேவைப்படும் உயிர்வளி (ஆக்சிஜன்) லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை போகும். வீட்டுக் கழிவுநீரில் அது சில நூறுதான். ஆனால் அந்த மாவுச்சத்து ஆற்றிலேயே சிதைந்துவிடும், கடல்வரை வருவது குறைவு. முலாம் பட்டறையின் உலோகம் சிதையாது. வண்டலில் ஒட்டி, வெள்ளம் வந்தால் நகர்ந்து, முகத்துவாரச் சேற்றில் போய்ப் படியும். ஆற்றில் மீன் சாவதற்கு முதல் வகையும், கழிமுகச் சேறு நஞ்சாவதற்கு இரண்டாம் வகையும் காரணமாகலாம். சத்து, உயிர்வளி உறிஞ்சும் கழிவு, உலோகம், வண்டல் என்று நான்கு தனி அடுக்குகள் வையுங்கள்.

நைட்ரஜனுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.3 லட்சம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜன் என்று கொண்டால், நாளுக்கு 8.3 டன். இதில் சுத்திகரிப்பில் நீங்குவதைக் கழித்த மீதிதான் ஆற்றில் இறங்குவது.

அதில் எவ்வளவு கடலுக்குப் போகிறது? ஆற்றில் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு குறைகிறது. தொடர்ந்து குறையும் வீதத்தை நாளுக்கு 0.2 என்று (e-இன் அடுக்குக் கணக்கில்) வைத்துக்கொண்டால், வெள்ளத்தில் நான்கு நாளில் கடலடையும் நீரில் 45 விழுக்காடு மிஞ்சும். மெல்ல ஊர்ந்து இருபது நாளில் போகும் நீரில் இரண்டு விழுக்காடுகூட மிஞ்சாது. ஒரே நகரம், ஒரே கழிவு, இருபத்தைந்து மடங்கு வேறுபாடு. ஆண்டுச் சராசரி இதை முழுவதுமாக மறைத்துவிடும்.

அதற்கு மேல் காவிரியின் நடைமுறை வேறு இருக்கிறது. வழக்கமான ஆண்டில் பாசனத்துக்கு மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறது. திறந்திருக்கும் மாதங்களிலும் நீர் கல்லணையில் பிரிந்து வயலுக்குப் போகிறது. கொள்ளிடத்துக்கு வருவது பெரும்பாலும் உபரி மட்டுமே. பிப்ரவரி முதல் மே வரை சேலத்துக் கழிவு கடலை அடைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அது ஆற்றுப் படுகையிலும் தடுப்பணைகளிலும் தேங்கி, முதல் வெள்ளத்தில் மொத்தமாகக் கிளம்பும். ஆகவே சுமையை மாதவாரியாகக் கணக்கிடுங்கள். மேட்டூர் வெளியேற்றமும் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறக்கும் அளவும் வெள்ளக் காலத்தில் நாளிதழ்களில் கன அடியில் வரும். நாள் முழுதும் வினாடிக்கு 11,574 கன அடி ஓடினால் அது ஒரு டிஎம்சி, அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர்.

வெள்ளாறு இதற்கு மாறானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை அதற்குக் கிடையாது. அதன் வெள்ளம் அக்டோபருக்குப் பிறகு. இரண்டு ஆறுகளுக்கும் ஒரே மாத அட்டவணையை ஒட்டிவிடாதீர்கள்.

மலைச்சரிவின் மண்ணரிப்புக்கு இன்வெஸ்டின் வண்டல் மாதிரியே போதும். மழை வன்மை, மண் இளக்கம், சரிவு நீளம், பயிர்க் கவிகை, காப்பு முறை என்ற ஐந்தையும் அது பெருக்கும். உயரத் தரவில் உள்ள போலிக் குழிகளை முதலில் நிரப்புங்கள், இல்லையென்றால் ஓடை பாதி வழியில் நின்றுவிடும்.

படி 5: முகத்துவாரத்திலிருந்து கடலுக்குள் பரப்புதல்

முகத்துவாரத்தை அடைந்த சுமையைக் கடல் கட்டங்களில் பங்கிட வேண்டும். தூரம் கூடக் கூட அடுக்குச் சரிவாகக் குறையும் விதி போதுமானது: தூரத்தை ஒரு நீள எண்ணால் வகுத்து, வருவதை e என்ற எண்ணின் எதிர் அடுக்காக (எக்ஸ்பொனென்ஷியல்) எடுப்பது. அந்த நீள எண்ணை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். முக்கொம்பில் பெரிய உபரி திறந்து சில நாள் கழித்து எடுத்த மேகமற்ற சென்டினல்-2 படத்தில் வண்டல் கலந்த செந்நீரின் விளிம்பு தெரியும். முகத்துவாரத்திலிருந்து விளிம்புவரை தூரத்தை மூன்றால் வகுத்தால் அதுவே நீள எண், ஏனென்றால் மூன்று மடங்கு தூரத்தில் மதிப்பு ஐந்து விழுக்காடாக இறங்கிவிடும். விளிம்பு 15 கிலோமீட்டரில் இருந்தால் நீள எண் 5.

தூரம் என்பது நீர்வழித் தூரம். கிராஸின் ஆர்.காஸ்ட் (r.cost) கருவியில் கடலுக்கு 1, நிலத்துக்கு வெற்று மதிப்பு (எண்ணே இல்லை என்ற குறி) கொடுத்தால் கிடைக்கும். நேர்க்கோட்டுத் தூரம் போட்டால் கழிவு மணல்திட்டைத் தாண்டிக் குதித்துப் பிச்சாவரத்துக்குள் போய்விடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: படம் எடுத்த அன்று முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்திருந்தால், கட்டத்தில் அது நிலமாகி, சுமை முழுவதும் ஆற்றுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். முடிவில் கடலில் எங்கும் பூஜ்யம் தெரிந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். அலையாத்தி வாய்க்கால்கள் 100 மீட்டரில் அடைபடுவதும் இதே நோய். தூரக் கணக்கை மட்டும் 20 மீட்டர் கட்டத்தில் செய்து, பிறகு 100க்குத் திரட்டுங்கள்.

பரப்பிய பிறகு எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகை, உள்ளே விட்ட சுமைக்குச் சமமாக வரும்படி வகுத்துச் சரிசெய்யுங்கள். இதை விட்டால் திறந்த வாயுள்ள ஆறு, சுமை குறைவாக இருந்தாலும், பெரிய குற்றவாளியாகத் தெரியும்.

நீரோட்டத்தையும் கணக்கில் எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையோரம் நீரோட்டம் தெற்கே, பிப்ரவரி முதல் மே வரை வடக்கே. வடகிழக்குப் பருவத்தில் வடக்குப் பக்கத் தூரத்தை இரண்டால் பெருக்கினால் (அதாவது அந்தப் பக்கம் போவது கடினமாக்கினால்) வெள்ளாற்றுச் செந்நீர் தெற்கே, பிச்சாவரம் பக்கம், சாயும். ஆண்டு முழுதும் வட்டமாகப் பரப்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. இரண்டு என்பது தொடக்க எண்தான். படத்தில் தெரியும் சாய்வை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 6: இல்லாமையால் வரும் அழுத்தம்

நிறையப் பேர் விட்டுவிடும் அடுக்கு இது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அவ்வளவு நீர் நிற்கும் இடத்தில் வண்டலும் நிற்கும். டெல்டா கரைக்கு வரவேண்டிய மண்ணும், கழிமுகத்துக்கு வரவேண்டிய நன்னீரும் குறைவது ஓர் அழுத்தம்தான். கூடுதல் வண்டலும் குறைந்த வண்டலும் எதிரெதிர்த் திசை. ஒன்றையொன்று கழித்து "சராசரியாகச் சரி" என்று காட்டாமல் இரண்டையும் தனித்தனி அடுக்காக வையுங்கள். நன்னீர் இல்லாத மாதங்களின் எண்ணிக்கையை, படி 5இன் தூர அடுக்காலேயே பரப்பினால் உவர்ப்பு அழுத்தத்துக்கு ஓர் எளிய அளவு கிடைக்கும்.

மண் குறைவுக்கு நேரடி சான்று கரைக்கோட்டின் நகர்வு. 1994 லேண்ட்சாட் படத்தையும் 2024 சென்டினல்-2 படத்தையும் ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றின் புள்ளி 30 மீட்டர், மற்றதன் புள்ளி 10. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் பிழை சுமார் 32 மீட்டர், 30 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஆண்டுக்கு அரை மீட்டர் அரிப்பு என்று உங்கள் கணினி சொன்னால் அதை "மாற்றம் தெரியவில்லை" என்றே எழுத வேண்டும்.

பழைய காயத்தையும் மறக்க வேண்டாம். பிச்சாவரத்தில் முற்காலத்தில் பட்டை பட்டையாகக் காட்டை வெட்டியதால் நிலம் தொட்டிபோலத் தாழ்ந்து, ஓதநீர் தேங்கி உப்பேறி, மரம் முளைக்காமல் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பியது. இன்றைய அழுத்தத்தை மட்டும் அளக்கும் வரைபடம் இந்த மாதிரிப் பழுதுக்கு இன்றைய கழிவைக் குற்றம் சொல்லிவிடும்.

படி 7: கடலில் நடப்பவை

மீன்பிடிப்புக்குக் கப்பல்களின் தானியங்கி அடையாளச் சமிக்ஞையை மட்டும் நம்பினால் இந்தக் கரை காலியாகத் தெரியும். ஃபைபர் படகுகளிலும் வள்ளங்களிலும் அந்தக் கருவி கிடையாது. ஆழக்கோடுகள் போட்ட பெரிய தாளை அச்சிட்டுக்கொண்டு பரங்கிப்பேட்டை, பழையாறு போன்ற ஊர்களுக்குப் போய், எந்த வலை, எந்த மாதம், எந்த ஆழம் என்று கேட்டுக் குறிப்பதுதான் வழி. இழுவலை, செவுள்வலை, கரைவலை மூன்றையும் பிரியுங்கள். தரையை உழுவது இழுவலை. செவுள்வலை தரையைத் தொடுவது குறைவு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பதால், விசைப்படகு முயற்சியை 0.83ஆல் பெருக்குங்கள். தடைக்கு உட்படாத சிறுபடகுகளுக்கு அந்தக் கழிவு வேண்டாம்.

இறால் பண்ணைகளை, படி 3இல் நீக்கி வைத்தவற்றிலிருந்து எடுத்து, வடிகால் சேரும் இடத்திலிருந்து நீர்வழித் தூரப்படி பரப்புங்கள். இரவு ஒளிக்கு விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் மாதப் படங்கள் இருக்கின்றன. ஆமை முட்டையிடும் மணற்கரைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதும். கடல் வெப்ப உயர்வை இந்த அளவுள்ள சிறு பகுதியில் சேர்ப்பது வீண். 4 கிலோமீட்டர் புள்ளியில் எல்லாக் கட்டமும் ஏறக்குறைய ஒரே எண்ணைப் பெறும், வேறுபாடு எதையும் காட்டாமல் எல்லாவற்றையும் சிவக்கவைக்கும். அறிக்கையில் தனிப்பத்தியாக எழுதுங்கள்.

படி 8: ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருதல்

டன், மணிநேரம், மாதம் என்று இருப்பவற்றை 0 முதல் 1 வரை மாற்ற வேண்டும். வழக்கம்: ஒன்றைக் கூட்டி, மடக்கை எடுத்து, பெருமத்தால் வகுப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது, அலகு. ஒரு கட்டத்தில் 10 கிலோ, இன்னொன்றில் 1,000 கிலோ நைட்ரஜன் என்போம். கிலோவில் செய்தால் முதல் கட்டத்தின் மதிப்பு 0.35. அதையே டன்னில் செய்தால் 0.014. தரவு ஒன்றுதான், வரைபடம் வேறு. மடக்கை எடுக்குமுன் ஒவ்வோர் அடுக்கையும் அதன் இடைநிலையால் (பூஜ்யங்களை விட்டுவிட்டு, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பால்) வகுத்துவிடுங்கள். அலகுச் சிக்கல் போய்விடும்.

பெருமத்துக்குப் பதில் 99ஆம் விழுக்காட்டு மதிப்பால் (நூறில் 99 கட்டங்கள் அதற்குக் கீழே நிற்கும் மதிப்பு) வகுத்து, அதற்கு மேற்பட்டவற்றை 1 என்று வெட்டுங்கள். முகத்துவாரத்தின் ஒரே ஒரு கட்டம் மற்ற அனைத்தையும் பூஜ்யத்துக்குத் தள்ளுவது நிற்கும். தரவு இல்லாத கட்டத்துக்கு 0 போடக் கூடாது, வெற்று மதிப்புதான். தெரியாத இடத்தைத் தூய்மையான இடமாகக் காட்டுவது இந்த வேலையில் செய்யக்கூடிய பெரிய அநியாயம்.

படி 9: எடை

ஒவ்வொரு சூழல், அழுத்த இணைக்கும் ஐந்து கேள்விகள்: பாதிப்பு எவ்வளவு பரப்பில்? எவ்வளவு அடிக்கடி? ஓர் உயிரினத்தையா, முழுச் சூழலையுமா? எவ்வளவு எளிதில் நொறுங்கும்? மீள எத்தனை காலம்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், பிறகு சராசரி. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் போன்ற இடங்களின் ஆய்வாளர்களிடம் ஒரு தாள், மீனவர்களிடம் ஒரு தாள். இரண்டையும் கலக்காமல் தனித்தனி இடைநிலை எடுங்கள். எங்கே இரண்டும் ஒரு புள்ளிக்கு மேல் விலகுகிறதோ அங்கே உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சில்தான் புது விஷயம் வரும்.

படி 10: கூட்டுதல்

ஒரு கட்டத்தில் 0.6 அலையாத்தி, 0.4 கழிமுக நீர். அழுத்தங்கள்: சத்து 0.7, வண்டல் 0.3, இறால் பண்ணை 0.5. அலையாத்திக்கு எடைகள் 1.2, 1.0, 2.6 என்றால் கூட்டு 2.44. கழிமுகத்துக்கு 2.4, 1.6, 2.0 என்றால் 3.16. இருப்பால் பெருக்கிக் கூட்டினால் 1.46 உடன் 1.26, மொத்தம் 2.73 (எண்கள் விளக்கத்துக்காக மட்டும்). இருப்புகளின் கூட்டு 1க்கு மிகாமல் இருப்பதைச் சரிபாருங்கள். மிகுந்தால், சூழல் வகை அதிகம் உள்ள கட்டம் அந்தக் காரணத்தாலேயே சிவக்கும்.

மொத்த வரைபடத்துடன், "எந்த அழுத்தம் முதலிடம்" என்ற வரைபடமும், "நிலத்திலிருந்து வந்த பங்கு எத்தனை விழுக்காடு" என்ற வரைபடமும் கட்டாயம் எடுங்கள். சேலத்திலோ ஆத்தூரிலோ ஒரு கூட்டத்தில் காட்டினால் பயன்படப்போவது கடைசி வரைபடம்தான். மாதவாரிச் சுமை கையில் இருப்பதால், அதைத் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி என்று பிரித்தும் காட்ட முடியும்.

படி 11: சோதனை

ஒவ்வோர் அடுக்காக நீக்கி மீண்டும் ஓட்டுங்கள். ஏதோ ஒன்றை நீக்கினால் மட்டும் படம் தலைகீழாகிறது என்றால் அந்த அடுக்கின் தரவை மறுபடி பாருங்கள். பிறகு எடைகளை 25 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் தற்செயலாக மாற்றி நூறு முறை ஓட்டி, ஒவ்வொரு கட்டமும் எத்தனை முறை முதல் பத்து விழுக்காட்டில் வந்தது என்று எண்ணுங்கள். 90 முறைக்கு மேல் வந்தவற்றை மட்டும் "உறுதியான அழுத்த இடம்" என்று சொல்லலாம்.

நீரிலும் பார்க்க வேண்டும். திருமணிமுத்தாற்றில் மூன்று இடம் போதும்: மலையடிவாரம், நகரம் தாண்டி, காவிரியில் கலக்கும் முன். வசிஷ்ட நதியில் ஆத்தூருக்கு மேலும் கீழும். முகத்துவாரங்களில் ஒவ்வொரு புள்ளி. கரைந்த உயிர்வளியை அங்கேயே அளந்துவிடுங்கள், புட்டியில் எடுத்துவந்தால் மாறிவிடும். நைட்ரேட் மாதிரியை இருட்டில், பனிக்கட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். வறண்ட வாரத்தில் ஒரு முறை, முதல் வெள்ளம் ஏறும்போது ஒரு முறை. வெள்ளம் வடிந்த பிறகு எடுத்தால் தேங்கியது எல்லாம் போய்விட்டிருக்கும். நகருக்குக் கீழே ஆற்றில் இறங்காதீர்கள், பாலத்திலிருந்து வாளி கட்டி எடுங்கள், கையுறை வேண்டும். பிச்சாவரத்துக்குள் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி முன்கூட்டியே தேவை.

படி 12: அச்சிடுதல், கொடுத்தல்

நிற வகுப்புகளைச் சம எண்ணிக்கையாகப் பிரிக்கும் முறையை மென்பொருள் எளிதாகத் தரும். அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த முறையில் ஐந்து வகுப்பு வைத்தால், எவ்வளவு நல்ல கரையிலும் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பாகவே வரும். நிலையான எல்லைகள் வைத்தால்தான் அடுத்த ஆண்டுப் படத்துடன் ஒப்பிட முடியும். தரவில்லாத கட்டங்களுக்குச் சாய்கோடு போடுங்கள்.

மீனவர்கள் சொன்ன மீன்பிடித் தளங்களை 100 மீட்டர் துல்லியத்தில் பொதுவெளியில் போடக் கூடாது. அது அவர்களுடைய பிழைப்பு. வெளியிடும் பிரதியில் 2 கிலோமீட்டருக்குத் திரட்டிவிட்டு, நுண் பிரதியைச் சொன்ன ஊருக்கே கொடுங்கள், தமிழில், பெரிய தாளில்.

புதுப்பிக்கும் கால அளவும் அடுக்குக்கு அடுக்கு வேறு. ஆற்று வெளியேற்றமும் சுமையும் ஒவ்வொரு நீராண்டு முடிவிலும், அதாவது மே மாதத்தில். இறால் குளமும் காப்பித் தோட்ட எல்லையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கரைக்கோட்டை ஐந்து ஆண்டுக்கு முன் தொட வேண்டாம், பிழை வரம்புக்குள்ளேயே இருக்கும். புயலோ பெருவெள்ளமோ வந்துபோனால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல், அடுத்த மேகமற்ற படத்திலேயே முகத்துவாரக் கட்டங்களைத் திருத்தி, தூர அடுக்கை மீண்டும் ஓட்டுங்கள்.